செல்ல நாய்களுக்குச் சாகா வரம் தந்த ஓவியர்

திருத்தணி மலைமேல் முருகன் கோவில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கோவிலில் பைரவரும் இருக்கிறார். மற்ற ஊர்களில் பைரவரோடு ஒரு நாய்தான் நிற்கும். திருத்தணிப் பைரவரோடு நான்கு நாய்கள் நிற்கின்றன. அவை நான்கு வேதங்கள் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. அது மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழையது. மாடுகளைக் காப்பதற்காகச் சண்டையிட்டு மாண்ட ஒரு வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு கூறுகிறது. நாயின் பெயரையும் கூறுகிறது. அதன் பெயர் கோவிவன்.

பெயரை எழுதி வைத்தார்களே, அதுதான் அழகு! அது ஏதோ ஒரு நாய் அல்ல. அந்த வீரனோடு வாழ்ந்த நாய். அவனுக்குத் தெரிந்த முகம்.

சீமையில் ஓர் ஓவியர் இருந்தார். அவரும் இதைத்தான் செய்தார். கல்லில் அல்ல, காகிதத்திலும் துணியிலும் செய்தார். பென்சிலும் தூரிகையும் அவருடைய உளி. யார் வீட்டு நாயாக இருந்தாலும், அதை அந்த வீட்டாருக்குத் தெரிந்த முகத்தோடு வரைந்தார். அரண்மனை நாயையும் வரைந்தார். ஆட்டிடையன் நாயையும் வரைந்தார். அவர் பெயர் எட்வின் லாண்ட்சீர்.

வயலில் நடந்த பாடம்

1802-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி லண்டன் நகரில் லாண்ட்சீர் பிறந்தார். தகப்பனார் பெயர் ஜான். உலோகத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுவது அவர் தொழில். பெரிய பணக்காரர் அல்ல. ஆனால் வீடு முழுவதும் காகிதமும் பென்சிலும் கிடக்கும். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் போல அவற்றை எடுத்துக் கொள்வார்கள்.

எட்வினுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. புத்தகத்தை விரித்தால் மனம் வெளியே ஓடும். இதைத் தகப்பனார் கவனித்தார். அவர் பிரம்பை எடுக்கவில்லை. மகனை ஊருக்கு வெளியே, ஹாம்ஸ்டெட் என்ற புல்வெளிப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஆடுகளும் மாடுகளும் கழுதைகளும் மேயும். ஒரு பிராணியைக் காட்டி அதை வரையச் சொல்வார். வரைந்ததும் வாங்கிப் பார்ப்பார். கால் கோணலாக இருந்தால் மறுபடி பிராணியைப் பார்க்கச் சொல்வார்.

புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரையக் கூடாது. எதிரே நிற்கும் உயிரைப் பார்த்து வரைய வேண்டும். இதுதான் தகப்பனார் சொல்லிக் கொடுத்த பாடம். எட்வின் கடைசி வரை அதை மறக்கவில்லை.

5 வயதில் அவன் வரைந்த படங்கள் இன்றும் லண்டனில் உள்ள விக்டோரியா - ஆல்பர்ட் காட்சிச் சாலையில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளை கிறுக்கியதைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தார்கள். அந்தத் தகப்பனாருக்கு அவ்வளவு நம்பிக்கை!

நாய்ப் பையன்

லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியர் சங்கம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் படக் கண்காட்சி நடக்கும். பெரிய பெரிய ஓவியர்களே அதில் இடம் கிடைக்காதா என்று ஏங்குவார்கள். 1815-ம் ஆண்டு அங்கே இரண்டு படங்கள் மாட்டப்பட்டன. ஒன்று கோவேறு கழுதை. மற்றொன்று ஒரு பெண் வேட்டை நாயும் அதன் குட்டியும். வரைந்தவன் 13 வயதுச் சிறுவன் என்று தெரிந்ததும் பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்தச் சிறுவன்தான் எட்வின்.

அடுத்த ஆண்டு அந்த அகாடமியின் பள்ளியிலேயே அவன் சேர்ந்தான். சுருட்டைத் தலை, துறுதுறுப்பான கண்கள். ஆசிரியர் பூசெலிக்கு அவனிடம் தனி அன்பு. வகுப்புக்குள் வந்ததும் அவனுடைய பெயரைச் சொல்லித் தேட மாட்டார். தன் நாய்ப் பையன் எங்கே என்று கேட்பார். அந்தச் செல்லப் பெயர் அவனுக்கு நிலைத்து விட்டது.

ஹேடன் என்ற மற்றோர் ஓவியர் அவனுக்கு ஒரு யோசனை சொன்னார். தோலை மட்டும் பார்த்தால் போதாது. தோலுக்குள்ளே எலும்பும் தசையும் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டும் என்றார். அதைக் கேட்டு எட்வின் இறந்த மிருகங்களின் உடலை அறுத்துப் பார்த்தான். ஒவ்வோர் எலும்பையும் ஒவ்வொரு நரம்பையும் பென்சிலால் வரைந்து பழகினான். டாக்டருக்குப் படிக்கிறவன் போலப் படித்தான். பின்னாளில் அவர் வரைந்த நாய்கள் மூச்சு விடுவது போலத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

18 வயதில் ஒரு பெரிய படம் வரைந்தார். ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் புதைந்த ஒரு வழிப்போக்கனை இரண்டு பெரிய நாய்கள் காப்பாற்றும் காட்சி. ஒரு நாய் பனியைத் தோண்டிவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. மற்றொன்று அவன் கையை நக்கிச் சூடேற்றுகிறது. ஒரு நாயின் கழுத்தில் சாராயம் நிறைந்த சிறு பீப்பாய் தொங்குகிறது. இந்தப் பீப்பாய் உண்மையில் எந்த நாயின் கழுத்திலும் தொங்கியதாகச் சான்று இல்லை. ஆனால் படம் பார்த்தவர்கள் நம்பி விட்டார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் அந்த ஜாதி நாயைப் படம் போட்டால் பீப்பாயும் சேர்த்தே போடுகிறார்கள்!

ஓவியரைக் கண்டால் ஓடும் நாய்

அந்தக் காலத்தில் புகைப்படம் கிடையாது. புகைப்படக் கலை உலகுக்குத் தெரிய வந்ததே 1839-ம் ஆண்டில்தான். வீட்டில் ஒரு நாய் 10, 12 ஆண்டு வாழும். பிள்ளைகளோடு பிள்ளையாக வளரும். ஒரு நாள் கண்ணை மூடிவிடும். பிறகு அதன் முகம் மனத்தில் மட்டும்தான் இருக்கும். நாளாக ஆக அதுவும் மங்கும். அந்த முகத்தைக் காப்பாற்ற ஒரே வழி, யாராவது அதைப் பார்த்து வரைவதுதான்.

அதனால் பலரும் லாண்ட்சீரைத் தேடி வந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் வால்டர் ஸ்காட் என்ற பெரிய நாவலாசிரியர் இருந்தார். அவரிடம் மைதா என்ற வேட்டை நாய் இருந்தது. கன்றுக்குட்டி போன்ற உருவம். ஸ்காட் எழுதும்போது காலடியில் படுத்திருக்கும். ஸ்காட்டைப் படம் வரைய வரும் ஓவியர்கள் எல்லாரும் மைதாவையும் சேர்த்து வரைந்தார்கள். மைதாவுக்குச் சலித்துப் போயிற்று. யாராவது காகிதத்தை விரித்துத் தூரிகையைக் கையில் எடுத்தால் போதும். மெல்ல எழுந்து அறையை விட்டு வெளியே போய்விடும். ஸ்காட்டே இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

1824-ம் ஆண்டு லாண்ட்சீர் அங்கே போனார். அவருக்கு வயது 22. மைதா அப்பொழுது கிழநாய். கண் மங்கிவிட்டது. நடை தளர்ந்துவிட்டது. அந்த நிலையிலேயே லாண்ட்சீர் அதை வரைந்தார். வாலிப நாயாக மாற்றி அழகு செய்யவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் மாதம் மைதா இறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் லாண்ட்சீர் முடித்த படத்தில் மைதா தரையில் படுத்து, தன் முடிவை எதிர்பார்ப்பது போல் இருக்கிறது. அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது.

இறந்த நாய் தூங்கியது

ஜேக்கப் பெல் என்பவர் லண்டனில் மருந்துக் கடை நடத்தினார். லாண்ட்சீரின் நெருங்கிய நண்பர். ஓவியருக்குக் கணக்கு வழக்கு தெரியாது. படங்களுக்கு விலை பேசுவது, பணம் வாங்கி வைப்பது எல்லாம் பெல் பார்த்துக் கொள்வார்.

பெல்லிடம் கௌண்டஸ் என்ற மோப்ப நாய் இருந்தது. 1835-ம் ஆண்டு ஓர் இரவு. எஜமானர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். உயரத்தில் இருந்த கௌண்டஸ் அவர் வருவதை அறிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. இருட்டில் பாய்ந்தது. கால் தவறியது. 20 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கீழே விழுந்தது. அன்றிரவே இறந்துவிட்டது.

வரவேற்க வந்த நாய் பிணமாகக் கிடந்தது. பெல்லின் மனம் எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் காலை அந்த உடலை லாண்ட்சீர் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். லாண்ட்சீர் வந்தவர்களை அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை பகல் 2 மணிக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்திக் கொண்டார்.

வியாழக்கிழமை போனவர்கள் திகைத்து நின்றார்கள். கௌண்டஸ் படுத்துத் தூங்கிக் கொண்டிருந்தது! காதுகள் தரையில் தளர்ந்து கிடந்தன. மூக்கு முன்னங்கால்களின் மேல் இருந்தது. கூப்பிட்டால் எழுந்து வாலை ஆட்டும் போலத் தோன்றியது. துணியில் தீட்டிய படம்தான் அது. ஆனால் அடிபட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. மரணத்தை அவர் உறக்கமாக மாற்றிவிட்டார்.

பெல் அந்தப் படத்தைத் தன் ஆயுள் முழுவதும் வைத்திருந்தார். 1859-ம் ஆண்டு அவர் காலமானபோது அதை நாட்டுக்கே எழுதி வைத்துவிட்டார். அவர் வைத்துச் சென்ற படங்களில் மற்றொன்றும் புகழ் பெற்றது. ஒரே கூண்டு வாசலில் ஒரு பெரிய மோப்ப நாயும் ஒரு சின்னஞ்சிறு நாயும் எட்டிப் பார்க்கும் படம் அது. பெரியது பெரிய மனிதர் போல அமைதியாக இருக்கும். சின்னது துடுக்குப் பையன் போல முகத்தை நீட்டும். பெரியதன் பெயர் கிராப்டன். சின்னதன் பெயர் ஸ்கிராட்ச். பார்க்கிறவர்கள் சிரிக்காமல் போவதில்லை.

அழாமல் அழ வைத்த படம்

1837-ம் ஆண்டு லாண்ட்சீர் ஒரு படத்தைக் கண்காட்சிக்கு வைத்தார். ஓர் ஏழை ஆட்டிடையனின் குடிசை. கிழவன் இறந்துவிட்டான். சவப்பெட்டி அறையில் இருக்கிறது. அருகில் அவனுடைய வேத புத்தகமும் மூக்குக் கண்ணாடியும். தரையில் அவன் தொப்பியும் கைத்தடியும். அழுவதற்கு உறவினர் யாரும் இல்லை. அவன் நாய் மட்டும் வந்து, தலையைச் சவப்பெட்டியின் மேல் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

நாய் குரைக்கவில்லை, ஊளையிடவில்லை. முகத்தைப் பெட்டியோடு அழுத்திக் கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்து ஊரே கண் கலங்கியது. ரஸ்கின் என்ற கலை விமர்சகர் அந்தப் படத்தை மிக உயர்வாகப் பாராட்டி எழுதினார்.

ஆனால் எல்லாரும் பாராட்டவில்லை. நாய்க்கு மனித முகபாவத்தைக் கொடுக்கிறார், உணர்ச்சியை மிகையாக்குகிறார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. நாய்களை நீதிபதியாகவும் வக்கீல்களாகவும் உட்கார வைத்து அவர் தீட்டிய படத்தைப் பார்த்தால் அந்தக் குறை முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. பிராணிகளை இவ்வளவு நேசித்தவர் மான் வேட்டைக்கும் போவார். ஆனால் குறி பார்க்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கியைத் துணையாளிடம் கொடுத்துவிட்டு, பென்சிலை எடுத்து மானை வரையத் தொடங்கிவிடுவார் என்று அவரோடு போனவர்கள் சொல்வார்களாம்.

அழகுக்காக நாயின் காதை வெட்டும் வழக்கம் அப்பொழுது இருந்தது. அதை அவர் வெளிப்படையாக எதிர்த்தார்.

மகாராணியின் டாஷ்

விக்டோரியா மகாராணியின் பெயரைக் கேட்டால் கிரீடமும் சிம்மாசனமும் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய இளமை மகிழ்ச்சியானதல்ல. பிறந்து ஓராண்டு நிறைவதற்கு முன்பே தகப்பனாரை இழந்தவர். தாயார் கண்டிப்பானவர். மற்றப் பிள்ளைகளோடு கலந்து விளையாட விடமாட்டார். மாடிப்படி இறங்கக்கூட யாராவது கையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். படுப்பதும் தாயாரின் அறையில்தான்.

1833-ம் ஆண்டு அந்த வீட்டுக்கு டாஷ் என்ற சிறு நாய் வந்தது. நீண்ட காதும் பட்டுப் போன்ற மயிரும் உடையது. அது தாயாருக்கு வந்த பரிசு. ஆனால் சில நாட்களிலேயே இளவரசியின் நாயாகிவிட்டது. இளவரசி அதற்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டு அழகு பார்த்தார். தோழி, தம்பி, பொம்மை எல்லாம் அவருக்கு டாஷ்தான்.

மகளின் மனத்தைத் தாயார் அறிந்திருந்தார். 1836-ம் ஆண்டு டாஷின் படத்தை வரையும்படி லாண்ட்சீரைக் கேட்டார். மகளுக்குப் பரிசாக அதைக் கொடுத்தார். பெண்ணுக்கு வைர நகையைவிட அந்தச் சிறு படம் பிடித்தது என்றால் ஆச்சரியமில்லை.

1838-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி முடிசூட்டு விழா. விக்டோரியாவுக்கு வயது 19. காலையிலிருந்து கனமான உடை, கனமான கிரீடம், பல மணி நேரச் சடங்கு. அரண்மனைக்குத் திரும்பியதும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, டாஷைக் குளிப்பாட்டியது என்று சொல்வார்கள்!

1840-ம் ஆண்டு டிசம்பரில் டாஷ் இறந்தது. விண்ட்சர் தோட்டத்தில் அதைப் புதைத்துக் கல்லறை எழுப்பினார்கள். அதன் அன்பில் தன்னலம் இல்லை என்று அந்தக் கல்லில் எழுதினார்கள். கல்லறை விண்ட்சரில், முகம் லாண்ட்சீரின் படத்தில்.

தொப்பி எங்கே?

மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். வரும்போது இயோஸ் என்ற கறுப்பு வேட்டை நாயையும் கொண்டு வந்தார். புது நாட்டில் அவருக்குப் பழக்கமான முகம் அதுதான்.

1841-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கியது. கணவருக்குத் தெரியாமல் இயோஸ் படத்தைப் பரிசாகத் தர மகாராணி நினைத்தார். லாண்ட்சீர் வரைய ஒப்புக் கொண்டார். படத்தில் இளவரசர் இருக்க மாட்டார். ஆனால் அவர் இருப்பது போலத் தோன்ற வேண்டும். அதற்கு என்ன செய்வது? இளவரசரின் உயர்ந்த தொப்பியும் கையுறைகளும் இரகசியமாக ஓவியரிடம் கொண்டு போகப்பட்டன. படத்தில் அவை ஒரு மேசை மேலும் அருகிலும் இருக்கின்றன. இயோஸ் அவற்றுக்கு முன்னால் நின்று மேலே பார்க்கிறது. எஜமானர் இப்பொழுது வந்து தொப்பியை எடுப்பார், வெளியே புறப்படலாம் என்று காத்திருக்கிறது. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

மகாராணியும் இளவரசரும் லாண்ட்சீரிடம் பாடமும் கற்றார்கள். தாங்கள் வரைந்த படங்களைச் செப்புத் தகட்டில் பதித்து அச்செடுக்கப் பழகினார்கள். தங்கள் குழந்தைகளையும் நாய்களையும் வரைந்து மகிழ்ந்தார்கள். அந்தப் படங்கள் குடும்பத்துக்காக மட்டும் வரைந்தவை. அச்சிடக் கொடுத்த இடத்திலிருந்து சில பிரதிகள் வெளியே போய்விட்டன. ஒருவர் அவற்றைக் காட்சி வைக்கவும் பட்டியல் அச்சிடவும் கிளம்பினார். இளவரசர் வழக்குத் தொடுத்தார். 1849-ம் ஆண்டு இளவரசர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஒருவர் தன் வீட்டுக்குள் வரைந்ததையும் எழுதியதையும் அவர் சம்மதமில்லாமல் பிறர் வெளியிடக் கூடாது என்ற சட்டக் கொள்கை வளர அந்த வழக்கு உதவியது. வீட்டு நாயின் படமும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

ஏழை வீட்டுச் சுவரிலும்

லாண்ட்சீர் வேகமாக வரைவார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு விருந்தில், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு படங்களை யாராலும் வரைய முடியாது என்று பேச்சு வந்தது. லாண்ட்சீர் இரண்டு பென்சில்களைக் கேட்டு வாங்கினார். ஒரு கை கொம்புள்ள மான் தலையை வரைந்தது. அதே நேரத்தில் மறு கை குதிரைத் தலையை வரைந்தது. இரண்டும் குறையில்லாமல் இருந்தன.

கை வேகமானது, ஆனால் கண் அவசரப்படாது. நாய் மனிதனைப் போல அசையாமல் உட்காராது. ஈ பறந்தால் திரும்பும். வாசலில் சத்தம் கேட்டால் ஓடும். எனவே அதன் பழக்கத்தை முதலில் அறிய வேண்டும். எந்தக் காதைத் தூக்கும், எப்படித் தலையைச் சாய்க்கும், தூங்கும்போது கால்களை எப்படி மடக்கும் என்று பார்த்து மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். லாண்ட்சீரின் நாய்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாததற்கு இதுவே காரணம்.

அவருடைய அண்ணன் தாமஸ் காது கேளாதவர். தகப்பனாரின் செதுக்குத் தொழிலை அவர் கற்றிருந்தார். தம்பி தீட்டிய படங்களைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். பெரிய படம் வாங்கப் பணமில்லாதவர்கள் இந்த அச்சுப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டிக் கொண்டார்கள். இப்படித்தான் லாண்ட்சீரின் நாய்கள் மாளிகையிலிருந்து சாதாரண வீடுகளுக்கு வந்தன.

நீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் பெரிய நாய் ஜாதி ஒன்று உண்டு. அதில் கறுப்பும் வெள்ளையும் கலந்த நாய் ஒன்றை அவர் தீட்டினார். அந்தப் படம் பரவிய பிறகு, அந்த நிற நாய்களுக்கு லாண்ட்சீர் என்றே பெயர் வந்துவிட்டது. நாய்களுக்குப் புகழ் தேடிக் கொடுத்தவரின் பெயரை நாய்களே சுமக்கின்றன.

உள்ளே ஓர் இருள்

வெளியே புகழ். உள்ளே வேறு கதை.

1840-ம் ஆண்டில் லாண்ட்சீரின் மனம் உடைந்தது. அப்பொழுது வயது 38. தூக்கம் போயிற்று. காரணமில்லாத பயம் வந்தது. எடுத்த வேலையை முடிக்க முடியவில்லை. ஓய்வுக்காக வெளிநாடு போய் வந்தார். தேறினார். ஆனால் முழுக்கத் தேறவில்லை. அந்த நோய் பின்னும் அடிக்கடி வந்தது. குடிப்பழக்கமும் சேர்ந்து கொண்டது. அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை.

நன்றாக இருக்கும் நாட்களில் பென்சிலை எடுப்பார். 1850-ம் ஆண்டு சர் பட்டம் கிடைத்தது. 1851-ம் ஆண்டு மலைச் சிகரங்களின் நடுவே தலை நிமிர்ந்து நிற்கும் கொம்பு மானைத் தீட்டினார். அது உலகப் புகழ் பெற்றது. 2017-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடம் 40 லட்சம் பவுன் திரட்டி அந்தப் படத்தை வாங்கியது.

1858-ம் ஆண்டு ஒரு பெரிய பொறுப்பு வந்தது. லண்டனில் டிரபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூண் இருக்கிறது. அதன் அடியில் வைக்க நான்கு வெண்கலச் சிங்கங்கள் வேண்டும். அவர் சிற்பி அல்ல. ஆனாலும் அவரிடமே கொடுத்தார்கள். மிருகக் காட்சிச் சாலையில் இறந்த ஒரு சிங்கத்தின் உடலை வரவழைத்து அதைப் பார்த்து உருவம் செய்தார். வேலை முடியும் முன் உடல் அழுகிவிட்டதாம். அதனால் பாதங்களைத் தமக்குப் பழக்கமான நாயின் பாதம் போலவே செய்துவிட்டார் என்று சொல்வார்கள். 1867-ம் ஆண்டு சிங்கங்கள் நிறுவப்பட்டன. லண்டன் போகிறவர்கள் இன்றும் அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

தோளுக்குப் பின்னால் இருவர்

சிங்க வேலைக்கு நடுவே, 1865-ம் ஆண்டு, லாண்ட்சீர் தம்மையே வரைந்தார். அவருக்கு 63 வயது. தலை நரைத்துவிட்டது. மடியில் பலகை, கையில் எழுதுகோல். குனிந்து எதையோ வரைகிறார். அவருடைய இரண்டு தோள்களுக்கும் பின்னால் இரண்டு நாய்கள் எட்டிப் பார்க்கின்றன. அவர் வரைவது சரியா, தப்பா என்று இரண்டும் கவனமாகச் சோதிக்கின்றன!

வேடிக்கைப் படம்தான். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. விமர்சகர்கள் பலவிதமாகச் சொல்லலாம். நாயின் படம் சரியா என்று சொல்ல நாயைவிடத் தகுதியானவர் யார்? மனம் கலங்கிய அந்த ஆண்டுகளில் அவரைக் கேள்வி கேட்காமல் கூட இருந்தவையும் அவைதான்.

அடுத்த ஆண்டு ராயல் அகாடமியின் தலைவராகும்படி அழைத்தார்கள். 13 வயதில் படம் வைத்த அதே அகாடமி! தம் உடல்நிலை இடம் கொடுக்காது என்று அவர் மறுத்துவிட்டார்.

1872-ம் ஆண்டில் நோய் முற்றியது. அவரால் தம்மைத் தாமே பார்த்துக் கொள்ள முடியாது என்று முடிவு செய்யப்பட்டது. 1873-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லாண்ட்சீர் காலமானார். வயது 71.

நாட்டின் பெரிய வீரர்களைப் புதைக்கும் புனித பால் தேவாலயத்தில் அவருக்கும் இடம் கொடுத்தார்கள். சவ ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவெங்கும் மக்கள் நின்றார்கள். டிரபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களுக்கு மலர் வளையம் சூட்டினார்கள்.

பின்னர் அந்தத் தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். உல்னர் என்ற சிற்பி அதைச் செய்தார். லாண்ட்சீரின் உருவத்தோடு வேறொரு காட்சியையும் அதில் செதுக்கினார். அவர் எத்தனையோ அரசர்களையும் பிரபுக்களையும் வரைந்திருக்கிறார். அவர்களில் யாரும் அங்கே இல்லை. ஏழை இடையனின் நாய்தான் இருக்கிறது. சவப்பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

எடுத்தனூரில் தன் வீரனோடு கல்லில் நின்றது ஒரு நாய். லண்டனில் தன் ஓவியரோடு கல்லில் இருக்கிறது மற்றொரு நாய். இடையில் 1,200 ஆண்டுகளுக்கு மேல், கடலும் இருக்கிறது. அன்பு மட்டும் ஒன்றுதான்.